தண்ணீர் கலந்த பொன்

கடலுக்கு அக்கரை ஊரான போக்காயாவிலிருந்து கப்பல் வந்து நின்றபோது லைசிப்பா முற்றத்தில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கப்பல் கொண்டுவந்த சேதி அவள் காதுக்கு எட்டுவதற்குள் துறைமுகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மித்திலீனி அப்படிப்பட்ட ஊர். ஒருத்தன் குடி முழுகப் போகிறது என்றால் அவனைத் தவிர எல்லாருக்கும் முதலில் தெரியும்.

தம்பி ஸ்மிந்தாஸ்தான் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, அத்தானைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"சபை ஆளுங்க. பட்டறையிலேர்ந்து நேரா கூட்டிட்டுப் போயிட்டாங்க. போக்காயாக்காரன் ஒரு பை காசைக் கொண்டாந்து சபை நடுவுல கொட்டி, இதுல தண்ணி இருக்குன்னுட்டான்."

லைசிப்பா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நல்லாப் பாத்தானா?"

"கல்லுல உரைச்சே காட்டிட்டானாம். நம்ம ஆளுங்களும் பாத்தாங்களாம். யாரும் வாயைத் திறக்கலை."

மது கலக்குகிற கிண்ணத்திலிருந்து வந்த பேச்சு அது. மதுவில் தண்ணீர் கூடிப்போனால் எப்படிச் சொல்வோமோ அப்படியே, பொன்னில் வெள்ளி கூடி மாற்றுக் குறைந்துபோனாலும் தண்ணீர் விட்டுவிட்டான் என்பதுதான் எங்கள் வழக்கம். மதுவில் தண்ணீர் விட்டால் மரியாதைக்காரன். பொன்னில் விட்டால் செத்தான். இரண்டு ஊரும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. சந்தை நடுவில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் மித்திலீனி காசடிக்கும், மறு வருஷம் போக்காயா. பொன்னும் வெள்ளியும் கலந்த வெளிர்பொன்னில் அடித்த காசு, முழுக் காசில் ஆறிலொன்று, சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், ஒரு பக்கம் கன்றுக்குட்டித் தலை. அந்தத் துளிக் காசை வைத்துக்கொண்டு எந்தத் துறைமுகத்திலும் கோதுமை வாங்கலாம். ஆகவே பொன் கலக்குகிறவன் கழுத்தின் மேல் எப்போதும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருக்கும். தெரிந்தே தண்ணீர் விட்டான் என்றால் மரணம். தெரியாமல் நடந்தது என்றால் அபராதமோ, ஊரைவிட்டு விலக்குவதோ, நீதிபதிகள் பார்த்து ஏதாவது செய்வார்கள். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. தெரிந்தா, தெரியாமலா?

லைசிப்பாவுக்குத் தெரியும். யார் விட்ட தண்ணீர் என்பதும் தெரியும். பாதி ஆய்ந்த மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அவள் புருஷன் மெகோனுக்குக் கண் மங்கத் தொடங்கி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஆள் தெரியும், வழி தெரியும், ஆடுகளை எண்ணச் சொன்னாலும் எண்ணிவிடுவான். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் போய்விட்டது. பொன் கலக்குகிறவனுக்கு அது போனால் என்ன மிச்சம்? முதலில் அவளிடம்கூட மறைத்தான். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் இடுப்பு மடிப்பிலிருந்து உரைகல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கல்லில் இரண்டு கோடு. ஒன்று சரியான மாற்றுள்ள மாதிரி ஆணியை உரைத்தது, மற்றது அன்றைக்கு உருக்கியது.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா பாரு" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் பொன் கலக்குகிறவன் பதவி ஏற்கும்போது பலிபீடத்தில் கை வைத்துச் சத்தியம் செய்வான். சத்தியம் செய்யாத கண் ஊர்ப் பொன்னைப் பார்த்து மாற்றுச் சொல்லக்கூடாது. சொன்னால், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அதே மரணம்தான். அவளுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் பார்த்தாள். அவள் துணிக்குச் சாயம் போடுகிறவள். குங்குமப்பூச் சாயத்தில் ஒரு கொதி கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு.

"உங்க கோடு கொஞ்சம் வெளுப்பு. இன்னும் கொஞ்சம் பொன் போடுங்க" என்றாள்.

போட்டான். சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு உருக்குக்கும் கல் வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவன் சிரிப்பான். "எனக்கு ரெண்டு கண்ணு போச்சு, வீட்டுல ரெண்டு இருக்கு, கணக்குச் சரியாப்போச்சு" என்பான். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், சொன்னால் என்ன. பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ரகசியம் இருந்தது.

ஹேரா அம்மனுக்கு ஊர்ப் பெண்கள் ஆடை கொண்டுபோகிற திருநாள் வந்தது. அவர்கள் தெருவின் ஆடைக்கு லைசிப்பாதான் குங்குமப்பூச் சாயம் போட்டாள். நல்ல நீளத் துணி. காய்வதற்காக முற்றத்தின் குறுக்கே கயிறு கட்டி, தலைக்கு மேலே பந்தல் மாதிரி விரித்துவிட்டிருந்தாள். அன்றைக்கு மெகோன் அவசரமாக வந்தான். மூசையில் பொன் கொதித்துக்கொண்டிருக்கிறது, துருத்திக்காரன் காத்திருக்கிறான், சீக்கிரம் பார் என்றான். தெருவாசலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல் கல்லை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போக முடியாது. லைசிப்பா நின்ற இடத்திலேயே, அந்தத் துணியின் கீழேயே, கல்லைப் பார்த்தாள். உச்சி வெயில் துணி வழியே இறங்கி அவள் கையும் முகமும் கல்லும் எல்லாம் மஞ்சளாய் இருந்தன. இரண்டு கோடும் ஒன்றுபோலத் தெரிந்தன.

"சரியா இருக்கு. ஊத்துங்க" என்றாள்.

மஞ்சள் துணிப் பந்தலுக்குக் கீழே நின்று பழம் பொறுக்கி வாங்கினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது காயாக இருக்கும் என்பது சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சாயக்காரிக்கு அது தெரியாமல் போயிற்று. அவசரம் யாரை விட்டது.

மெகோனைச் சபை மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். காவல்காரன் தெரிந்தவன்தான். ரொட்டியும் ஆலிவும் கொண்டுபோனவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். ஸ்மிந்தாஸும் கூட வந்திருந்தான்.

"அந்தத் துணி" என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றான் மெகோன். "இங்க உட்கார்ந்து யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு நீ மஞ்சளா இருந்த. எனக்கே தெரிஞ்சதுன்னா பாத்துக்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சபையில சொல்லிடலாம். கண்ணு தெரியலை, பொண்டாட்டி பாத்தா, அவ தப்பாப் பாத்துட்டான்னு சொல்லுங்க. ரெண்டு பேருமே தெரியாமதானே செஞ்சோம்?"

"சொன்னா தண்ணிக் குத்தம் போயிடும். சத்தியக் குத்தம் வந்துடும். அப்புறம் உனக்கும் சேத்துக் குழி வெட்டுவாங்க."

"வெட்டட்டும்."

"வாயை மூடு" என்றான். கோபமாக இல்லை. ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவள் கையில் வைத்தான்.

ஸ்மிந்தாஸ்தான் வழி சொன்னான். போக்காயாக்காரர்களை அவனுக்கு அறவே பிடிக்காது. அவர்களுடைய பழைய காசில் கடல்நாய் இருக்கும். அதனால் அவர்கள் எல்லாரையும் அவன் அந்தப் பெயரால்தான் சொல்வான். "அத்தான், அந்தக் கடல்நாய் என்ன கேட்டாலும் ஒரே பதில் சொல்லுங்க. தெரியலை. எப்படி ஆச்சு, தெரியலை. ஏன் ஆச்சு, தெரியலை. முட்டாள்னு சொல்லுவான். சொல்லிட்டுப் போறான். முட்டாளுக்கு அபராதம்தான். வீட்டை வித்தாவது கட்டிடலாம்."

"இத்தனை வருஷம் கலந்துட்டு முட்டாள்னு பேர் வாங்கணுமா?"

"உயிரோட இருந்து வாங்குங்க."

மெகோன் லைசிப்பாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். "சரி. தெரியலை" என்று அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். அவனுக்கு அந்த வார்த்தை வாயில் ஒட்டவில்லை. மூன்று பேருமே கொஞ்சம் சிரித்தார்கள்.

விசாரணை நாளன்று மண்டபத்தில் இடமில்லை. நம் ஊர் நீதிபதிகள் பாதிக்கு மேல், மற்றவர்கள் போக்காயாவிலிருந்து வந்தவர்கள். பெண்கள் தூண்களுக்கு வெளியேதான் நிற்கலாம். லைசிப்பா முன்னால் போய் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றம் சாட்ட வந்தவன் பெயர் புரோத்திஸ். அவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவனோ வைத்தியன் மாதிரி மெதுவாகப் பேசினான்.

"மெகோன், எவ்வளவு காலமா பொன் கலக்கறீங்க?"

"தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து."

மெகோனுக்கு முன்தலை வழுக்கை. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"அப்போ இந்தக் காசுல தண்ணி எப்படி வந்துச்சு?"

"தெரியலைங்க."

"கல்லுல உரைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சரியா இருக்குன்னு நினைச்சேன். எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியலை."

"கலக்கத் தெரியாதவனைத்தானா மித்திலீனி வேலைக்கு வெச்சிருக்கு?"

"அதுவும் தெரியலைங்க."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் நீதிபதிகள் சிலர் முகம் இளகியது லைசிப்பாவுக்குத் தெரிந்தது. புரோத்திஸ் தண்ணீர்க் காசு ஒன்றை ஒரு கையில் வைத்துக்கொண்டான். மறு கையால் வேறொரு காசை எடுத்து நீதிபதிகளிடம் தூக்கிக் காட்டினான்.

"இது இவர் போன முறை கலந்த காசு. இதுலயும் தண்ணிதான். ஆக, நமக்குத் தெரிஞ்சு ரெண்டு தடவை, தெரியாம எத்தனை தடவையோ. இந்த மனுஷன் கை பட்ட எந்தக் காசையும் இனிமே போக்காயா வாங்காது." மெகோனிடம் திரும்பினான். "நீங்களே கையில வாங்கிப் பாருங்க."

மெகோன் வாங்கினான். அதை அவன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. முகம் நீதிபதிகள் பக்கமே இருந்தது. கட்டைவிரல் மட்டும் காசின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று லைசிப்பா தூணோடு ஒட்டிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"இதுல தண்ணி இல்லை" என்றான் மெகோன்.

"இல்லையா?"

"இது நல்ல காசு. என்னைத் திட்டுங்க, இதைத் திட்டாதீங்க. இன்னொரு கையில வெச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க." புரோத்திஸ் கொடுத்தான். அதையும் விரல் தடவியது. "இதுதான் தண்ணி விட்டது. ரெண்டும் ஒரே எடை. ஆனா இது தடிப்பு. வெள்ளி லேசு, அது கூடினா அப்படித்தான் இருக்கும்."

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இரண்டு காசையும் மெதுவாகப் புரோத்திஸின் கையிலேயே திருப்பி வைத்தான்.

"ரொம்ப நன்றி" என்றான் புரோத்திஸ். நீதிபதிகளிடம் அதே மெதுவான குரலில் சொன்னான். "கல்லுல உரைக்கலை. கண்ணால பாக்கக்கூட இல்லை. விரலாலேயே சொல்லிட்டார், சரியாவும் சொல்லிட்டார். இந்த மனுஷனுக்குத்தான் ஒரு பட்டறை நிறையக் காசு தண்ணியா வெளிய போனது தெரியலையாம்."

லைசிப்பா தூணை விட்டாள். எப்படி உள்ளே போனாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காவல்காரன் கை நீட்டுவதற்குள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி விட்டது நான்" என்றாள். "அவருக்குக் கண்ணு தெரியாது. மாத்துப் பாத்துச் சொன்னது நான்தான். வீட்டுல, சாயத்துணிக்குக் கீழ நின்னு பாத்தேன், மஞ்சளாத் தெரிஞ்சுது, சரின்னுட்டேன். அவர் ஒண்ணும் பண்ணலை."

நம் ஊர் நீதிபதிகளில் மூத்தவர் எழுந்துவிட்டார். பெண்ணை வெளியே அனுப்பு என்று யாரோ சொன்னார்கள். புரோத்திஸ் கையை உயர்த்தினான். "இருங்க. மெகோன், உங்க சம்சாரம் சொல்றது நிஜமா? உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

மெகோன் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கா? உங்க மேலாடையில அகலமா ஒரு சிவப்புக் கரை இருக்கு. இன்னும் என்ன சொல்லணும்?" பிறகு சிரித்தான். லைசிப்பா அந்தச் சிரிப்பை அதற்கு முன் பார்த்ததில்லை. "இவ பயத்துல புத்தி பேதலிச்சு ஏதோ உளர்றா. பாவம், மன்னிச்சு விட்டுடுங்க. உரைகல்லுக்கும் அரைக்கிற கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவ, இவளா மாத்துப் பாப்பா? இவ போடுற சாயத்தையே அக்கம்பக்கத்துக்காரங்க வந்து சரி பாத்துக் குடுப்பாங்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவளுடைய தெருக்காரர்களும் சிரித்தார்கள், நிம்மதியோடு. அவள் வாயைத் திறந்தாள். ஸ்மிந்தாஸ் வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

தீர்ப்பு எழுத அதிக நேரம் எடுக்கவில்லை. தெரிந்தே தண்ணீர் விட்டான். போக்காயாக்காரர்கள் மட்டும் சொல்லியிருந்தால் லைசிப்பாவுக்கு ஆறியிருக்கும். நம் ஊர்க்காரர்களிலும் பெரும்பாலோர் அதையேதான் சொன்னார்கள். ஒரு மனுஷனை விட்டுவிட்டால் எல்லாக் காசும் போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கு. அந்த நல்ல காசு நல்ல காசுதான் என்று அவன் வாயாலேயே நிரூபித்துக் கொடுத்ததில் அவர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்திருக்கும். பாழாய்ப்போகிறவர்கள்.

மறுநாள் காலையில் நஞ்சு என்று முடிவாயிற்று. அதற்கு முன் சாயங்காலம் அவளை அவனிடம் விட்டார்கள். தலை வாரி, சுத்தமான உடை உடுத்தி உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போனதும் முதலில் அவனை அடித்தாள். மார்பில், தோளில், கை வலிக்கிற வரைக்கும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

"எதுக்குச் சொன்னீங்க? ஒரு வார்த்தை. தெரியலைன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே."

"வாய் தானா வந்துருச்சு."

"அந்தக் காசு உங்களுக்கு என்ன பண்ணுச்சு? என்னைவிட அது பெரிசா?"

அவன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தான். வெளியே காவல்காரன் யாரிடமோ வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"சாயத்தைப் பத்திச் சொன்னேனே" என்றான் மெகோன். "அது மனசுல வெச்சுக்காத. உன் சாயம் மாதிரி இந்தத் தீவுலயே கிடையாது."

"தெரியும்" என்றாள் அவள் அழுதுகொண்டே. "அந்த அநியாயக்காரங்க கிட்ட எதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. தெரியாமப் பண்ணின மனுஷனைத் தெரிஞ்சே பண்ணினான்னு எழுதிட்டாங்களே. அதைத்தான் என்னால தாங்க முடியலை. தப்புன்னு சொல்லட்டும், முட்டாள்னு சொல்லட்டும். பொய்யை எழுதிட்டாங்களே."

அவன் தன் உடையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. இருபது வருஷம் கூட இருந்தவளுக்கு அதுகூடவா புரியாது.

"லைசி" என்றான். "அவங்க எழுதினது பொய் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கலக்கும்போது எனக்குத் தெரியாது. நீ சரின்ன, ஊத்தினேன். அப்புறம் வெட்டி, அச்சு அடிச்சு, தட்டுல கொண்டுவந்து வெச்சாங்க. நான் எப்பவும் போல ஒரு கைப்பிடி அள்ளினேன். அள்ளினதுமே தெரிஞ்சுபோச்சு. அத்தனையும் தடிப்பு."

"அப்பவே உருக்கியிருக்கலாமே."

"உருக்குன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா கல்லை எங்க வெச்சுப் பாத்தேன்னு கேப்பாங்க. ஒரு இழை பிடிச்சு இழுத்தா நீ வந்து நிப்ப." கையை விரித்தான். "சின்னக் காசுதானே, யாரு பாக்கப் போறான்னு நினைச்சேன். பைல கட்டுன்னேன். கட்டிட்டாங்க."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

லைசிப்பா அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கு இத்தனை நாளாக ஒரு ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது ஒருவரும் மிச்சமில்லை. காவல்காரன் வந்து நேரமாயிற்று என்றான். மெகோன் எழுந்து அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான், வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறபோது அவள் அவனைக் கொண்டுவந்து விடுவாளே, அதைத் திருப்பிச் செய்வதுபோல.

அடக்கம் முடிந்த பிறகு தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் சிரித்தவர்களும் வந்தார்கள். அழுதார்கள். போக்காயாவைச் சபித்தார்கள். ஸ்மிந்தாஸ் சுவரில் சாய்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். "கல்லுல வெட்டி வெச்சிருக்காங்களே, தெரியாமச் செஞ்சா உயிரை எடுக்கக்கூடாதுன்னு. படிக்கத் தெரியாதா அவனுங்களுக்கு? எங்க அத்தான் தெரிஞ்சு ஒரு துளி தப்புப் பண்ணுவாரா? நீயே சொல்லுக்கா. உனக்குத் தெரியாததா?"

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் லைசிப்பா.